பதினொரு துளைகள்

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
சுவருக்கு எங்களிடம் பஞ்சமில்லை.
கிதினியாவில், ஏழாம் மாடியில்,
ஆலையில் வார்த்து லாரியில் ஏற்றிவந்து
சீட்டுகளைப் போலச் செங்குத்தாய் நிறுத்திய கான்கிரீட்.
ஆணி அடித்தால் ஆணிதான் தலைகுனியும்.

சனிக்கிழமை முழுவதும் போஸ்டர்கள் தரையில் கிடந்தன.
சைக்கிள் விடும் சிவப்புக் கரடி.
தொப்பி போட்ட ஹெர்ரிங் மீன்.
ஒரு ஜாஸ் விழாவுக்காக, யாருடையதோ காது மட்டும்.
ஓடும் வண்டியிலிருந்து இறங்காதே என்பதற்காக
ஒரு காலை அந்தரத்தில் நீட்டியபடி
நாற்பது வருடமாக இறங்காமலே இருக்கும் மனிதர்;
டிராலிபஸ் டிப்போவின் குப்பையிலிருந்து
கோஸ்மா அவரை மீட்டு வந்தான்.
ஒரு கலங்கரை விளக்கம்.
தலைமுடி முளைத்த நாற்காலி.

ஏழாவது, நான் கல்லூரியில் வரைந்தது.
'பல் பிடுங்கினால் வலிக்காது.'
சிரிக்கும் வாய், ஒரு மீட்டர் உயரம்.
போட்டியில் ஆறுதல் பரிசுகூட இல்லை.
நடுவில் அதுதான், என்றான் கோஸ்மா.
கழிப்பறைக் கதவுக்குப் பின்னால், என்றேன்.
எழுந்து போய்த் தேநீர் போட்டு வந்தான்.
இரண்டு கோப்பை.
அப்படியென்றால் இன்னும் சண்டை இல்லை.

பழைய செய்தித்தாளை அதே அளவில் வெட்டி
டேப்பால் ஒட்டிப் பார்த்தோம்.
கரடியின் இடத்தில் நாளைய மழை.
மீனின் இடத்தில் துறைமுக வேலைநிறுத்தம்.
மையம் கண்ணின் உயரத்துக்கு வரவேண்டும் என்று
சட்டம் விற்ற கடையில் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள்.
யார் கண்?
நான் நூற்று எண்பத்தொன்று, அவன் நூற்று அறுபத்து மூன்று.
கல்யாணப் படத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.
கூட்டி இரண்டால் வகுத்தோம்.
எங்கள் இருவரிடமும் இல்லாத ஒரு கண்ணுக்காகப்
பென்சிலில் ஒரு கோடு.

பிறகு டிரில்.
முதல் துளை அரை விரல் ஆழத்தில் நின்றுவிட்டது;
மேல்மாடி திருமதி ஒல்ஷெவ்ஸ்கா
ஹீட்டர் குழாயைக் கரண்டியால் தட்டினாள்.
இரண்டாவதில் உள்ளே இரும்பு. இருமி, புகைந்து, ஓய்ந்தது.
மூன்றாவது இடப்பக்கம் சரிந்தது, ஏனென்றால்
'நேரா இருக்கா, பொக்னா?' என்று அவன் கேட்டபோது
போனைப் பார்த்தபடி 'ம்' என்றேன்.
நான்காவதில் வீடே அணைந்தது.

யாரும் பேசவில்லை.
கீழே வளைவில் ஒரு டிராலிபஸ் திரும்ப
கம்பியில் தெறித்த நீலப்பொறி
சுவரில் ஒரு நொடி ஏறி இறங்கியது.
நடுவில் நான்கு ஓட்டைகள்,
ஒன்றையொன்று அறியாதவைபோல.
'ரிஷார்டுதான் ஓட்டுகிறான். வளைவில் எப்போதும் அவசரம்,' என்றான்.
'நான் கவனிக்கவில்லை,' என்றேன்.
'தெரியும்,' என்றான்.
பஸ்ஸைச் சொல்லவில்லை நான்.
அவனும்தான்.

திங்களன்று எலக்ட்ரீஷியன் வந்தார்.
முந்நூறு ஸ்லாட்டி, அறிவுரை இலவசம்.
சாந்து பூசினோம். அது தேமல்போலத் தெரிந்தது.
மூடத்தான் வேண்டும்.
கரடி போதாது. காது கேட்கவே வேண்டாம்.
நான்கையும் ஒருசேர விழுங்குமளவு வாய்
ஒன்றிடம்தான் இருந்தது.

வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.
இந்தச் சிரிப்பை நடுவில் வைக்க
எப்படித் தோன்றியது என்கிறார்கள்.
கோஸ்மா தேநீரைக் கலக்குகிறான்,
சர்க்கரை போடாத தேநீரை.
நான் மீனின் தொப்பியைப் பார்க்கிறேன்.

கரடி மட்டும் அடங்கவில்லை.
கடற்காற்றில் கதவு அறையும்போதெல்லாம்
வலப்பக்கம் ஒரு நூல் சாய்கிறது.
போகிற போக்கில், விரல் நுனியால்,
அவன் தன் உயரத்துக்கு நேராக்குகிறான்,
நான் என்னுடையதற்கு.