கடையோடு இணைக்க இயலவில்லை

இணைக்க இயலவில்லை, பிறகு முயலுங்கள்
என்கிறது கடை.
பிறகு என்றால் எப்போது என்று
அதற்கும் தெரியாது.

யீஷூன், ஒன்பதாம் மாடி,
தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள்.
சாப்பாட்டு மேசையில் அறுபது டப்பா ரிப்பன் பக்கோடா
பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.
லேபிள் அடிக்கும் குட்டிப் பிரிண்டர்
நேற்றுத்தான் வந்தது, நாற்பத்தொன்பது வெள்ளி.
அதன் செயலி அந்தக் கடையில் மட்டும்தான் கிடைக்குமாம்.
கீழே மாமா கடையில்
முட்டையைக்கூடக் கடனுக்குத் தருவார்கள்.
இங்கே இலவசமாய்த் தருவதற்கு
இத்தனை பிகு.

ரவுட்டரை அணைத்தேன்.
முப்பது எண்ணவேண்டும்.
பதினேழில் எண்ணெய் ஞாபகம் வந்து
அடுப்பைப் பார்த்துவிட்டு
முதலிலிருந்து எண்ணினேன்.
பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாய் விழித்தன.
மழை வரும் என்கிறது கைபேசி,
ஜன்னல் கம்பியில் மழை சொட்டிக்கொண்டிருக்கும்போதே.
அதற்கு வைஃபை கிடைக்கிறது.
இதற்கு மட்டும்
இணைக்க இயலவில்லை.

வெளியேறி உள்ளே வந்தேன்.
கடவுச்சொல் மறந்து
புதிதாய் ஒன்று வைத்தேன், அதுவும் மறக்கப் போகிறது.
வைரஸ் காவலனைக் கொஞ்சம் கண்மூடச் சொன்னேன்.
மூடினான். பயனில்லை.
பிழை எண் ஒன்று வந்தது,
சுழியமும் எழுத்துமாய் நீளமாக.
நாலு இலக்கமாய் இருந்திருந்தால்
சேகரன் போய்ச் சீட்டு வாங்கியிருப்பார்.

டப்பா வாங்க வந்த ஹஸ்லினாவின் மகன்
கதவோரம் நின்று பார்த்துவிட்டு
எல்லாவற்றையும் அழித்துப்
புதிதாய்ப் போட்டுவிடலாம் என்றான்.
பதினைந்து வயதுக்கு அது எளிது.

அவன் போனபின்
'விவரம்' என்ற பொடி எழுத்தை அழுத்தினேன்.
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.

தொடங்கவில்லையா?
கெட்டுப்போன மாவு தெரியும், காலாவதியான பாஸ்போர்ட் தெரியும்.
இன்னும் பிறக்காத சான்றிதழை
இன்றுதான் பார்க்கிறேன்.

திரையின் வலது கீழ் மூலையில்
மஞ்சள் தாள் ஒன்று ஒட்டி வைத்திருந்தேன்:
ஹஸ்லினா நான்கு,
மிஸ்டர் டியோ ஆறு, காரம் குறைவாக,
கிளினிக் மங்கையர்க்கரசி பத்து, போன வருடப் பாக்கி.
அதை உரித்தேன்.

அடியில்
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
நள்ளிரவு தாண்டி நாற்பத்தேழு நிமிடம்.

நாற்பத்தேழு,
இதை முடுக்கியதிலிருந்து
நான் மல்லுக்கட்டிய நேரம்.
அதை மட்டும் பிசகாமல் எண்ணியிருக்கிறது.

கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து
ஒரு சுவிட்ச் விடாமல் அணைக்கிறவர் சேகரன்.
இத்தனை இரவும் இதற்குள்
காசு அளவுப் பேட்டரி ஒன்று
இருட்டில் தனியாக மணி பார்த்திருக்கிறது.
என்றைக்குச் செத்ததோ.
ஒவ்வொரு டப்பாவின் அடியிலும்
தேதி எழுதிப் பிழைக்கிறவள் நான்,
இந்தத் தேதியை
ஆர்டர் சீட்டால் மூடி வைத்திருந்தேன்.

கோலாலம்பூர், சிங்கப்பூர்.
அறுபத்தைந்தில் பிரிந்த இரண்டும்
நேர மண்டலப் பட்டியலில் மட்டும்
இன்னும் ஒரே வரியில் குடியிருக்கின்றன.
அதைத் தேர்ந்தேன், ஒத்திசை என்றேன்.
பதினேழோ பதினெட்டோ வருடம்
ஒரு சுழல் வட்டத்தில் கழிந்தது.

கடை திறந்துவிட்டது,
ஒன்றுமே நடக்காததுபோல.

செயலி இறங்கி, பிரிண்டர் இருமி,
முதல் லேபிளுக்கு வாசகம் கேட்டது.
பக்கோடா காத்திருக்கட்டும்.
'அணைக்காதீங்க, புது பேட்டரி திங்கட்கிழமை'
என்று தட்டினேன்.
நான் கேட்காமலே
அடியில் ஒரு வரி சேர்த்து அடித்தது:
இந்தத் தேதிக்குள் உண்ணவும்.

அப்படியே
சுவர் சுவிட்சின்மேல் ஒட்டிவிட்டேன்.