மறைவு

பழைய டிராக்டரின் பின்சக்கரம்தான் சோல்வெய்க்குச் சுவர்.
கையில் நீல நிறப் பயிற்சித் துப்பாக்கி,
சுடத் தெரியாத பொம்மை.
மேகசின் மட்டும் நிஜமாய்க் கழன்று
நிஜமாய் விழும்.
எதிரே இருபது அடியில்
தம்பி ஆர்வில் பனி உருட்டி வைத்திருக்கிறான்,
ஒரு வாளி நிறைய.
மார்ச் பனி. பிடித்தால் பிடிபடும்.

விதி இதுதான்:
அவளில் எது வெளியே தெரிகிறதோ
அதன் மேல் எறிவான்.

முதல் உருண்டை முழங்கையில்.
இரண்டாவதும் முழங்கையில்.
மூன்றாவது தொப்பிக் குஞ்சத்தில்.
"சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளாதே, ஓரடி பின்னால் போ"
என்று கத்துகிறான்,
பல் டாக்டரிடம் கணக்கெழுதுகிறவன்,
எலிப்பொறி வைக்கவே முகம் சுளிப்பவன்.
ஆனால் அவன் சொல்வது சரி.

வியாழக்கிழமை பிஸ்மார்க்கில் தேர்வு.
போன வருஷம் ரக்ஸ்டாட்
அவள் தாளில் சிவப்பு மையில் எழுதினார்:
குண்டெல்லாம் இலக்கில். ஆள் பாதி வெளியில்.

வெறும் மேகசின் விழட்டும், பார்க்காதே.
இடது கை இடுப்புக்குப் போகிறது.
ஆள்காட்டி விரல் மேல் தோட்டாவின் மூக்கைத் தொட்டுத்
திசை அறிகிறது.
உள்ளங்கை ஓர் இடி. டக்.
கையுறையோடு செய்தால் டக் கேட்பதில்லை.
கழற்றிவிட்டுச் செய்தால்
ஏழாவது முறைக்கு மேல் விரல் தன்னுடையதில்லை.
விழுந்ததையெல்லாம் பனிக்குள் தோண்டி எடுத்து
பிக்கப்பின் ஹீட்டர் முன்னால்
அப்பளம் போல அடுக்கிக் காயவைத்து
மறுபடியும்.

இடுப்பில் ஓர் உருண்டை.
"அது கோட்டுப் பை, நானில்லை" என்கிறாள்.
"குண்டுக்குத் தெரியுமா?" என்கிறான்.

அவனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.
நவம்பரில், ஏரிக்கு வடக்கே சதுப்போரம்,
உரிமமில்லாமல் மான் அடித்த ஒருவன்
ரைஃபிளைக் கீழே வைக்க மறுத்தான்.
அவள் வண்டியின் எஞ்சின் பக்கம் குனிந்திருந்தாள்,
தலை உள்ளே, முழங்கை உள்ளே,
ரக்ஸ்டாட் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு.
அவனுக்கு ஒரு குரல் மட்டும் கேட்டது.
"யார் பேசுவது?" என்றான்.
பிறகு, அழுகிற மாதிரி,
"யாராவது இருக்கிறீர்களா அங்கே?"

அவள் எழுந்தாள்.
தோள் வரை, பிறகு இடுப்பு வரை.
எந்தப் பாடத்திலும் இல்லாதது.
அவன் ரைஃபிளை மானின் வயிற்றின் மேல்
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல வைத்தான்.

எல்லாரும் போன பின்
டார்ச் அடித்துப் பார்த்தபோது
முன்சக்கரத்தின் பக்கத்தில், பனியில்,
ஒரு மேகசின் கிடந்தது.
பதினைந்தும் அப்படியே.
ஒரு குண்டும் சுடாமல்
நிறைந்ததைக் கழற்றிவிட்டு நிறைந்ததைப் போட்டிருக்கிறது கை.
எப்போது என்று இன்று வரை தெரியாது.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

வாளியில் கடைசி உருண்டை.
ஆர்வில் கையை ஓங்கியபடி நிற்கிறான்.
குஞ்சம் இல்லை. முழங்கை இல்லை.
சக்கரம், அதன் மேல் துரு,
அதற்கப்பால் வெள்ளை.
முழு மறைவு.

"அக்கா?"
காற்று.
"சோல்வெய்?"

சக்கரத்தின் ஓரத்தில்
ஒரு கையுறை மெல்ல எட்டிப் பார்த்து
ஐந்து விரலையும் ஆட்டுகிறது.
விதி விதிதான்.
எறிகிறான்.