பின்னறை

உள்ளே போகுமுன்
பெயர் வில்லையைக் கழற்றித் தருவார்கள்.
மஞ்சள் பிளாஸ்டிக், கட்டைவிரல் அகலம்.
பலகையில் செருகி
மார்க்கர் பேனாவால் பக்கத்தில் எழுதுகிறேன்:
ருஸ்டி, இருநூற்றெண்பது பார்.
பூன் லியாங், இருநூற்றெழுபது.
நுழைந்த நேரம் மூன்று பத்தொன்பது.

மார்சிலிங். பதினொன்றாம் மாடி.
நடைபாதையின் கடைசி வீடு.
மின்னேற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் வெடித்திருக்கிறது.
செருப்பு அலமாரி, மூங்கில் கழியில் காய்ந்த பள்ளிச் சீருடை,
வாசலில் ஒட்டிய சீனப் புத்தாண்டுச் சிவப்பு
எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன.

தோளில் பட்டை ஏறினால்
நெருப்பு தூரமாகிவிடும் என்று
பயிற்சிக் கழகத்தில் எவரும் சொல்லவில்லை.
குழாய் முனையின் உதைப்பை
ஆறு வருடம் தாங்கிய கை இது.
இப்போது பேனா மூடியைத் தேடுகிறது.

படிக்கட்டில், தொழுகைத் துண்டை
மூக்கில் அழுத்தியபடி எதிர்வீட்டு மாக்சிக்:
"பின்னறையில் ஒரு வாடகைக்காரர், மேடம்.
தவசீலன். ஜொகூர்க்காரர்.
இந்நேரம் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்."
பார்த்தீர்களா?
"பார்க்கவில்லை. இருக்கலாம்."

வானொலியில் சொன்னேன்:
பின்னறையில் ஒருவர் இருக்கலாம்.
அந்த "லாம்"மில்
ஒரு மனிதர் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

கூடம் காலி.
சமையலறை காலி.
முதல் அறை, கூரை இறங்கியிருக்கிறது, காலி.
பிறகு விசில்.
ருஸ்டியின் முதுகில் காற்று தீருகிற விசில்.

"மேடம், ஒரே ஓர் அறை.
கைப்பிடியில் கை வைத்துவிட்டேன்."

பலகையில் அறுபது என்று எழுதுகிறேன்.
திரும்பும் வழி பதினான்கு மீட்டர், கண் தெரியாத புகை.
அவன் பின்னால் குழாயைச் சுமக்கிறவனுக்கு
தேசிய சேவை முடிய மூன்று வாரம் பாக்கி.
இருவர் வந்தவழி நானும் வந்திருக்கிறேன்,
அந்தக் கைப்பிடியின் சூடு
கையுறைக்குள் எப்படி இருக்கும் என்று தெரியும்.

வெளியே வா.
பதில் இல்லை.
ருஸ்டி, வெளியே வா.

மாதம் முழுக்க எனக்குச் சம்பளம்
இந்த இரண்டு சொல்லுக்குத்தான்.

இரண்டாம் குழு முகமூடி மாட்டி,
வில்லை தந்து, தவழ்ந்து
அதே கதவை அடைய நான்கு நிமிடம்.
நான்கு நிமிடமும் அந்தப் பின்னறை
என் பெயரில் இருந்தது.
உள்ளே யார் இருமினாலும்
என்னிடம்தான் இருமினார்.

ருஸ்டி வந்தான்.
என் முகம் பார்க்காமல் வில்லையை வாங்கிக்கொண்டான்.
தலைக்கவசத்திலிருந்து நீர் சொட்டியது,
வேர்வையும்.

"பின்னறை காலி.
கட்டில் இருக்கிறது. போர்வை மடித்தபடி."

ஐந்து நாற்பதுக்கு
ரொட்டித் தொழிற்சாலைச் சட்டையோடு
சைக்கிளில் வந்து இறங்கினார் தவசீலன்.
கைப்பிடியில் ஒரு பை, இரண்டு பன்.
அண்ணாந்து பதினொன்றாம் மாடியைப் பார்த்தார்,
பிறகு எங்களை.
கூட வேலை செய்பவருக்குக் காய்ச்சலாம்,
அவருக்குப் பதில் இரவு வேலை பார்த்தாராம்.

எவனோ ஒருவனுக்குக் காய்ச்சல்.
அதனால் என் உத்தரவு சரி.

அறிக்கையில் இதை எழுதக் கட்டம் இல்லை.
காயம்: இல்லை. உயிரிழப்பு: இல்லை.
எடுத்த முடிவு: பின்வாங்கல். காரணம்: காற்றழுத்தம்.
நான் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை.

நிலையத்தில் குழாய்களைக் கழுவும் ஈரத் தரையில்
ருஸ்டி முதன்முறையாகப் பேசினான்.
"திறந்திருப்பேன், மேடம்."
தெரியும்.
"அவர் உள்ளே இருந்திருந்தால்?"
அப்போதும் கூப்பிட்டிருப்பேன்.
அவன் தலையசைத்தானா,
குனிந்து குழாயைச் சுருட்டினானா,
பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு அடுத்த பிரிவு வந்துவிடும்.
உருளைகள் நிரம்ப வேண்டும்,
பலகை சுத்தமாக வேண்டும்.
துணியால் துடைத்தேன். எல்லாம் போனது,
அந்த அறுபது மட்டும் போகவில்லை.
சுற்றிலும் பார்த்துவிட்டு
விரலில் எச்சில் தொட்டு
இன்னொரு முறை தேய்த்தேன்.