நூற்றிருபத்தேழாவது மூட்டை

கோட்டூர் கொள்முதல் நிலையத்தில்
லாரி வராத மூன்றாம் நாள்.
தார்ப்பாய்க்கு மேலே மழை, கீழே
நூற்றிருபத்தேழு மூட்டை நெல்.

தூக்குவதற்கு முன்
வாயாலேயே அட்டி அடுக்கிப் பார்ப்பார் உத்திராபதி.
ஆறாறாய் வைத்தார், ஒன்று துருத்தியது.
ஒன்பதொன்பதாய் வைத்தார், அதே ஒன்று.
"மடங்காத சனியன் சார் இது."

மடங்காதுதான்.
பகா எண்ணை ஒரே வரிசையில்தான் நிறுத்த முடியும்,
மண்ணெண்ணெய்க்கு நிற்கிற மாதிரி.

கணிதத்தில் முதுகலை,
வேலை பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
ஈரப்பதம் பதினேழு தாண்டினால் திருப்பி அனுப்புவேன்.
பதினேழும் அந்த சாதிதான் என்று
விவசாயியிடம் சொல்லவா முடியும்?

பில் போடும் கால்குலேட்டரில் அன்றிரவு
நான்கில் தொடங்கினேன்.
அதை அதனாலேயே பெருக்கி, இரண்டு கழித்து,
நூற்றிருபத்தேழால் வகுத்து
மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும்.
நான்கு, பதினான்கு, அறுபத்தேழு,
நாற்பத்திரண்டு, நூற்றுப்பதினொன்று,
பூஜ்யம்.

வகுக்கிற எண் ஒன்றைக்கூடத் தேடாமல்
கொல்லைப்புறமாக வந்து
இது பகா எண் என்று சொல்லிவிட்டுப் போகிறது
அந்தப் பூஜ்யம்.

ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று குறைத்தால்
இந்த மூட்டைகள்.
நூற்றிருபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று குறைத்தால்

17014118346046923173
1687303715884105727

டோக்கன் சீட்டின் முதுகு நிறைந்துவிட்டது.
எங்கள் படிவத்தில் எடைக்கு ஐந்து கட்டம்.

இதுவும் மடங்காது.
இத்தனை இரண்டுகளைப் பெருக்கி
இன்னொரு முறை ஒன்று குறைத்தால்?
மடங்குமா மடங்காதா, யாருக்கும் தெரியாது.
எழுதிப் பார்க்க
உலகத்தில் அவ்வளவு தாள் இல்லை.

"சீட்டுல இருக்கறத எத்தன ஆளு தூக்கணும்?"
நூற்றிருபத்தேழு பேர் என்றேன்.
சரிசமமாய்ப் பிரித்துக்கொள்ளலாம்,
கடைசியில் ஒன்று மிஞ்சும்.
"அங்கயும் ஒண்ணா!"
பீடி புரையேறச் சிரித்தார்.
இங்கே ஏழு பேர், ஆளுக்குப் பதினெட்டு,
மிஞ்சுகிற ஒன்று
அவர் தோளுக்குத்தான் என்று
அவருக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வந்தது லாரி.
அடியில் கிடந்த ஒரு மூட்டை
சாக்கின் கண்ணெல்லாம் பச்சையாய் முளைவிட்டிருந்தது.
ஓரமாய்த் தள்ளினோம்.

நூற்றிருபத்தாறு.
இரண்டு, மூன்று, ஆறு, ஏழு, ஒன்பது,
யார் இழுத்தாலும் இழுத்த பக்கம் வரும்.
ஆளுக்குப் பதினெட்டு, கணக்கு நேர்.
லாரி ஏறிய பிறகு
ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
சேதம், ஒன்று.
காரணம், மழை.

வேலியோரம் அது
இன்னும் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது.
உத்திராபதி ஒரு தடவை
தூக்கிப் பார்த்துவிட்டு
வைத்தார்.