நெஞ்சுப் படம்

கொள்ளுப்பிட்டியில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
இரண்டாம் மாடி.
வெளிநாடு போகிறவர்களின் நெஞ்சை
நாளைக்கு நாற்பது என்று படம் எடுக்கிறேன்.
சங்கிலியைக் கழற்றுங்கோ.
சேப்டிப் பின் இருந்தால் அதையும்.
நாடியைத் தட்டில் வையுங்கோ,
தோளை முன்னுக்குத் தள்ளுங்கோ,
மூச்சை இழுங்கோ.
பிடியுங்கோ.
சிங்களத்தில் இதே வசனம் கொஞ்சம் நீளம்.
அந்த இடைவெளியில் சிலருக்கு இருமல் வந்துவிடும்.

ரயில் போகும்போது எடுப்பதில்லை.
பாணந்துறை வண்டி கரையோரம் போனால்
சுவர் அதிரும், படம் மங்கும்.
எந்தத் தூதரகத்துக்கும் இது தெரியாது.

என்னிடம் எல்லாம் கேட்கிறார்கள்.
மாசிக் கருவாட்டை அங்கே சுங்கத்தில் விடுவார்களா மிஸ்?
வீட்டில் திரித்த மிளகாய்த்தூள் ஒன்றரைக் கிலோ,
லேபல் ஒட்டாவிட்டால் பிழையா?
பாங்க் புத்தகத்தில் மச்சான் போட்ட காசு
ஒருநாள்தான் நின்றது, பார்ப்பார்களா?
மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்களுக்கும் வேணுமா?
எனக்குத் தெரிந்தது விலா எலும்பு, இருபத்துநான்கு.
மிச்சத்தைக் கீழே கவுண்டரில் கேளுங்கோ.
நான் கட்டுநாயக்கா போனது மூன்றுதரம்,
மூன்றும் வழியனுப்ப.

போன கிழமை கல்முனையிலிருந்து நஸ்ருதீன் என்றொருவர்.
வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி.
பத்தொன்பது வயதில் வந்தது, மாறிவிட்டது என்றார்.
இருக்கலாம்.
படத்தில் மாறியதும் மாறாததும் ஒரே வெள்ளை.
மூன்று காலை வெறும் வயிற்றோடு வந்து
சளி துப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.
துப்புவதற்கு லொட்ஜ் வாடகை கட்டினேன் பிள்ளை
என்று சிரித்தார்.
முடிவு வர இன்னும் ஆறு கிழமை.

இன்று பதினொரு மணி, இலக்கம் இருபத்திரண்டு.
சுபதாரணி, சாவகச்சேரி, வயது இருபத்தாறு.
இரவு பஸ்ஸில் வந்த தலைமுடி.
எங்கள் படிவத்தில் பெண்களுக்கு ஒரு கோடு இருக்கிறது:
கடைசியாக மாதவிடாய் வந்த திகதி.
பதினெட்டு என்று எழுதியிருந்தாள்.
மாதம் எழுதவில்லை.

எந்த மாதம்?
காப்புறுதிக் கம்பனிக் கலண்டரை நிமிர்ந்து பார்த்தாள்.
போன மாதம், என்றாள்
கழற்றிய தாலிக்கொடியைக் கைக்குள் பொத்தியபடி.
கொடி புதுசு.
கழுத்தில் இன்னும் தடம் விழவில்லை.
அவர் பதினாறு நாள் லீவில் வந்து நின்றவர் என்றாள்,
நான் கேட்காமலே.

நாடியை வைத்தாள். தோளைத் தள்ளினாள்.
இழுக்கச் சொன்னேன், இழுத்தாள்.
பிடிக்கச் சொன்னேன்.
ரயில் வந்தது.

அழுத்தாமல் நின்றேன்.
எட்டுப் பெட்டியோ ஒன்பதோ,
மிதிபலகையில் தொங்குகிறவர்களின் கத்தல் வேறு.
விடுங்கோ என்று சொல்ல மறந்துவிட்டேன்.
அவளும் விடவில்லை.
வண்டி போய், சுவர் ஆறி,
பொத்தானில் என் விரல் திரும்பப் போய் நின்றபோது
நில்லுங்கோ மிஸ், என்றாள்.
பிடித்து வைத்த காற்று முழுவதும்
அந்தச் சொல்லோடு வெளியே வந்தது.

சொல்லவேண்டியதைச் சொன்னேன்.
பிள்ளை பிறந்தபிறகு எடுக்கலாம்,
அதுவரை மெடிக்கல் நிற்கும், விசாவும் நிற்கும்.
அல்லது கையொப்பம் வைத்து
ஈயக் கவசம் கட்டிக்கொண்டு இன்றைக்கே எடுக்கலாம்.
பாரமா, என்று கேட்டாள்.
கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்
திருப்பித் தந்தாள்.

படிக்கட்டில் நின்று போன் எடுத்தாளாம்.
அங்கே இன்னும் விடிந்திராது.
கூடவே பயணம் செய்வோர் என்ற பெட்டியில்
பூச்சியம் போட்டிருந்தாள், நீல மையில்.
அதை வெட்டி எழுத முடியாது,
புதுப் படிவம் எடுக்கவேண்டும்.

தட்டில் அவளுடைய சேப்டிப் பின் கிடந்தது.
என் கோட்டில் குத்திக்கொண்டேன்,
வந்தால் கொடுக்கலாம்.

இருபத்துமூன்று, வாங்கோ.
சங்கிலியைக் கழற்றுங்கோ.
மாசிக் கருவாடு பற்றி எனக்குத் தெரியாது.