இடம்புரி

அஞ்சு ரோடு பக்கம் ஒரு லாட்ஜின் மாடி ஹால்.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
நாணயக்காரர்கள் கூடுவோம்.
எவர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கோ கட்டிய காகிதத் தோரணம்
இன்னும் அவிழ்க்கப்படவில்லை.
என் மேசையில் விற்க ஒன்றுமில்லை.
ஒரு லென்ஸ், கழுத்து வளையும் ஒரு விளக்கு.
காசு பார்த்துச் சொல்ல இருபது ரூபாய்.

பழசு பளபளக்கலாம், தப்பில்லை.
ஆனால் அச்சடியில் பிறந்த ஒளி
சாய்க்கச் சாய்க்க ராட்டினம்போல் சுற்றி வரும்.
தேய்த்து வரவழைத்த ஒளி
நின்ற இடத்திலேயே நிற்கும்,
போட்டோவுக்குப் பவுடர் பூசிய முகம் மாதிரி.

எத்தனையோ பார்த்தாகிவிட்டது.
அவித்த முட்டையோடு டப்பாவில் அடைத்துக்
கறுக்க வைத்தவை.
கந்தகப் புகையில் மயில்கழுத்து நிறம் ஏற்றியவை.
ராணியின் பின்னலை ஊசியால் மறுபடி பின்னியவை.
திருநீறு போட்டுத் துலக்கியது ஒன்று,
அது பக்தியில் செய்த பாவம்,
விலையில் பாதி போயிற்று.

இன்று கன்னங்குறிச்சியிலிருந்து நவநீதன்.
ஐ.டி.ஐ. படிக்கிறானாம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது, கம்பெனி ரூபாய்,
ஈரோட்டில் எவனிடமோ ஒன்பதாயிரம் கொடுத்திருக்கிறான்.
உறையிலிருந்து எடுக்கும்போதே
விளிம்பில்தான் பிடித்தான்.
நல்ல பையன்.

தலைக்கு மேலே ஓர் எழுத்தின் கால்
கொஞ்சம் தடிப்பு.
விளக்கைத் தாழ்த்தினேன்.
எழுத்தைச் சுற்றி மிளகளவு வட்டம்,
வெள்ளிதான், ஆனால் வேறு வெள்ளி.
அதன்மேல் மயிர்க்கோடுகள்.
எல்லாம் ஒரே பக்கம் ஓடி
முடிகிற இடத்தில்
இடப்பக்கம் கொக்கியாக வளைந்தன.

லென்ஸைத் துடைத்தேன்.
மறுபடி பார்த்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை.
எனக்கு இடது கை.
திட்டிக்கொண்டேதான் மோட்டாரில் ஒயரை மாற்றிக் கொடுத்தார்
முதலாளி தெய்வசிகாமணி.
அந்தத் தெருவில் நூறு சக்கரம் ஓடியிருந்தால்
என்னுடையது மட்டும் எதிர்த்திசையில் ஓடியது.

ஒருவன் வந்தான், துணிமூட்டையில் ஐம்பது காசு.
ஏற்காட்டுச் சந்தையில்
மலைப்பெண்களின் காசுமாலைகளை
எடைக்கு வாங்கியிருந்தான்.
சில ஓட்டைகளில் நூல்கூட இருந்தது,
எண்ணெயும் வேர்வையும் குடித்துக் கறுத்த நூல்.
சாமணத்தால் இழுத்துப் போட்டேன்.
அடைத்தேன். எழுத்து வெட்டினேன். சக்கரத்தில் காட்டினேன்.
ஓட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய்.
மொத்தம் அறுநூறு.
அந்தப் பணத்தில்தான்
மகளுக்குக் காது குத்தினோம்.

"சார்?"

"அடைச்ச காசு, தம்பி.
வெள்ளி விலைக்குத்தான் போகும்."

முகம் சின்னதாகிவிட்டது.
கொஞ்ச நேரம் கழித்து,
"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

விரல்நுனியில் நிறுத்திப் பேனாவால் தட்டினேன்.
முழு வெள்ளி கொஞ்ச நேரம் பேசும்.
இது பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டது.

"சத்தம்" என்றேன்.
பொய்யில்லை.
முழுசும் இல்லை.

"செஞ்சவன் கெட்டிக்காரன் சார்,
நான் மூணு தடவை லென்ஸ் வெச்சுப் பார்த்தேன்."
கெட்டிக்காரன் என்ற சொல்லில்
ஒரு நொடி
என் காது சூடாயிற்று. பெருமையில்.
அதையும் எழுதிவிட வேண்டும்.

இருபது ரூபாயை வைத்தான்.
வேண்டாமென்றால் ஏனென்று கேட்பான்.
வாங்கிக்கொண்டேன்.

அவன் படியிறங்கிய பிறகு
நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.
தேதி. நாற்பதாம் வருஷம். கன்னங்குறிச்சி.
ஐம்பதில் இது ஏழு.

அடுத்தவர் உட்கார்ந்து உறையைப் பிரிக்கிறார்.
விளக்கைக் கொஞ்சம் சாய்க்கிறேன்.