பதினேழாம் கேள்வி

காரணம்பேட்டையில் பஸ் இறங்கி
இடது கைப்பக்கமாக எண்ணத் தொடங்க வேண்டும்.
ஒன்பதாவது வீடு, பிறகு அடுத்த ஒன்பதாவது வீடு.
பூட்டியிருந்தால் பக்கத்து வீடு.
நாய் இருந்தால் என்ன செய்வதென்று
பயிற்சியில் சொல்லவில்லை.

கையில் டேப்லட், கழுத்தில் அட்டை.
முழுப் பேட்டிக்கு நூற்றிருபது ரூபாய்,
பாதியில் எழுந்து போனால் ஒன்றுமில்லை.

முதல் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.
"இப்போது தேர்தல் வந்தால்" என்று நான் கத்த,
"ஆருக்குங்க?" என்று சென்னியப்பன் கத்த,
உதட்டசைவைப் பார்த்துத்தான்
ஒரு கட்சியைத் தொட்டேன்.

அடுத்த வீட்டுக்காரர் என்னையே கேட்டார்:
"மத்தவீங்கெல்லாம் என்னங்க சொல்றாங்க?"
சொல்லக் கூடாதுங்க.
"சும்மா சொல்லுங். ஊரோட போயிரலாம்னுதான்."
நான் வாய் திறக்கவில்லை.
அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
"நீங்க எந்தூருங்க? எந்தக் கோயலுங்க?"
எந்தக் கோயில் என்றால் எந்தக் குலம்,
எந்தக் குலம் என்றால் எந்தச் சாதி.
சொன்னேன்.
என்னைப் பற்றிய கணிப்பு அதோடு முடிந்தது,
அதில் பிழை வரம்பே கிடையாது.
"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார்.
குறியீடு தொண்ணூற்றெட்டு.

மூன்றாவது வீட்டில்
சரசாத்தாள் பெயரை டேப்லட் பொறுக்கியது.
பதில் சொன்னதோ அவள் வீட்டுக்காரர்.
அக்கட்டால போகச் சொல்ல வேண்டும், அது விதி.
போனார். கதவுக்குப் பின்னால் நின்றார்.
அவள் ஒவ்வொரு தடவை வாயெடுக்கும்போதும்
ஓர் இருமல்.

பதினாறு கேள்விக்கும் தொடுவதற்கு வட்டமுண்டு.
பதினேழுக்கு மட்டும் வெறுங்கட்டம்:
அரசியல் என்று முதன்முதலில்
உங்கள் நினைவில் இருப்பது எது?
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.

இருமலைக் காணோம்.
இதற்கு எப்படி இருமுவதென்று
அவருக்கும் பிடிபடவில்லை போல.

"எனக்கு ஒரத்துப்பாளையத்துப் பக்கமுங்க.
ரெண்டாவது படிக்கறப்ப
ஆத்துல ஊதாக் கலர்ல தண்ணி வந்துது.
இது எந்தக் கட்சிக் கலருன்னு
என்ற அண்ணன் கேட்டான்.
எங்கய்யன் அடிச்சுப்போட்டாரு.
அவனையில்லீங், என்னைய."

'ஆத்துல ஊதாத் தண்ணி, எந்தக் கட்சி'
என்பதோடு நின்றுவிட்டது கட்டம்.
அடி உள்ளே நுழையவில்லை.

வேறொரு வீட்டில்:
சின்னம் வரைய வந்தவர்கள்
சுவருக்கு வெள்ளையடித்தது.
"எங்க ஊட்டுக்குச் சுண்ணாம்பு பட்டது
அந்த ஒருக்காத்தானுங்க."

பனியன் கம்பெனி விடுதி வாசலில்
பிகாஷ் நாயக் வழி மறித்தான்.
"அக்கா, என்னையும் கேளு."
ஓட்டு கஞ்சாமில். வயிறு இங்கே.
இவன் மாதிரி ஆளுக்கு
டேப்லட் முதல் திரையிலேயே நன்றி சொல்லிவிடும்.
அதை அணைத்துவிட்டுப்
பதினேழை மட்டும் கேட்டேன்.
"புயல். அப்புறம் ஒரு ஹெலிகாப்டர்."
கொஞ்சம் யோசித்தான்.
"நிக்கலை."

பொழுதோட மேற்பார்வையாளர் போனில் வந்தார்.
பதினேழை ஆரும் பார்க்கப் போறதில்லம்மா,
எல்லாத்துக்கும் 'இதர' போட்டு அனுப்பு.
போட்டேன்.
ஊதாத் தண்ணி இதர.
சுண்ணாம்பு இதர.
ஹெலிகாப்டர் அதிலும் இல்லை.

மூன்று வாரம் கழித்துப்
பல்லடம் டீக்கடை டிவியில்
கட்டம் கட்டமாய் எழும்பின வண்ணங்கள்.
ஆயிரத்து இருநூறு பேர் வாய் திறந்தால்
ஆறு கோடிப் பேர் பேசிவிட்டதாகக் கணக்கு.
"நம்மளையெல்லாம் ஆருங் கேக்கலியே"
என்றார் டீ மாஸ்டர், நுரையை வழித்தபடி.
என்னையுங்கூட ஆரும் கேட்டதில்லைதான்.

கோட்டு போட்டவர் அடித்துச் சொன்னார்:
கொங்கு மண்டலம்
இந்த முறை ரொம்பத் தெளிவாக இருக்கிறது.

பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள்.
சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.